பெயர் சூட்டும் முன்பே மறையும் புல்வெளி வெட்டுக்கிளிகள்

புது தில்லி: வெட்டுக்கிளி என்றதும், திரளாகப் படையெடுத்துப் பயிரை அழிக்கும் பாலைவனப் பூச்சியே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. 2020-ஆம் ஆண்டில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் சந்தித்த படையெடுப்பை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால், அதே வரிசையைச் சேர்ந்த மற்றொரு குடும்பத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. ‘கேட்டிடிட்’ எனப்படும் நீள்கொம்பு வெட்டுக்கிளிகளில் சில இனங்கள் மிகச் சிறிய நிலப்பரப்பில் மட்டுமே வாழ்கின்றன. அந்த நிலம் மாறினால், அந்த இனத்துக்கு வேறு புகலிடம் இல்லை.

உலகில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. உடலைவிட நீண்ட உணர்கொம்புகளும், முன்னங்கால்களில் அமைந்த செவிகளும் இவற்றின் அடையாளம். இவற்றுள் ‘கோனோசெஃபாலஸ்’ பேரினத்தைச் சேர்ந்த புல்வெளி வெட்டுக்கிளிகள் வயல்களிலும் காணப்படுகின்றன. இவை நெற்பயிரைச் சிறிதளவு கொறித்தாலும், தண்டுத் துளைப்பான், கதிர் நாவாய்ப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளையும் தின்கின்றன. எனவே, உழவருக்கு இவை முழுப் பகையல்ல.

குரலே அடையாளம்

அரிய இனம் ஒன்றைக் காப்பதில் முதல் தடை, அது எந்த இனம் என்று உறுதிசெய்வதுதான். பச்சை நிறமும் உருவமும் பல இனங்களுக்குப் பொதுவானவை. முதிர்ந்த ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் உள்ள கொக்கி போன்ற உறுப்பின் வடிவம், பெண் பூச்சியின் முட்டையிடும் உறுப்பின் நீளம், வளைவு போன்ற நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே வல்லுநர்கள் முடிவுக்கு வருகின்றனர். இளம் பூச்சிகளில் இந்த வேறுபாடுகள் முழுமையாகத் தெரிவதில்லை.

உருவம் கைவிடும் இடத்தில் குரல் துணை நிற்கிறது. ஆண் பூச்சிகள் முன் இறக்கைகளை உரசி எழுப்பும் ஒலி, இனத்துக்கு இனம் வேறுபடும். பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் விவேக் நித்யானந்தா, ரோகிணி பாலகிருஷ்ணன் ஆகியோர் தென்னிந்தியாவின் ‘மெக்கோபோடா’ வகை வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவுகள் இதற்குச் சிறந்த சான்று. தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்த பூச்சிகளிடம் ஐந்து வெவ்வேறு ஒலி வகைகள் இருப்பதை அவர்கள் கண்டறிந்தனர். ஒரே இனமாகக் கருதப்படும் பூச்சிக்கூட்டத்துக்குள் பல இனங்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

இம்முறைக்கும் வரம்புகள் உண்டு. புல்வெளி வெட்டுக்கிளிகளின் ஒலியில் பெரும்பகுதி மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியாக அமைவதால், அதற்கேற்ற பதிவுக் கருவிகள் தேவை. வெப்பம் கூடும்போது ஒலியின் வேகமும் கூடுவதால், பதிவு செய்யும் நேரத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

காலம் கடந்து வந்த பெயர்

அடையாளம் காண்பதில் ஏற்படும் தாமதத்தின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. அங்குள்ள ஆன்டியோக் மணல்மேடுகளில் 1937-இல் சேகரிக்கப்பட்ட ஒரு கேட்டிடிட், 40 ஆண்டுகளுக்குப் பிறகு 1977-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்குள் மணல் அள்ளும் பணியாலும் தொழிற்சாலைகளாலும் அந்த மேடுகள் பெருமளவு அழிந்திருந்தன. தேடியும் கிடைக்காத அந்தப் பூச்சிக்கு, ஆய்வாளர் டேவிட் ரென்ட்ஸ் ‘நெடூபா எக்ஸ்டிங்க்டா’ என்று பெயரிட்டார். அற்றுப்போனது என்பதே அதன் பெயரானது. எஞ்சிய மணல்மேடுகள் 1980-இல் தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன.

‘தரிசு’ என்னும் முத்திரை

இந்தியாவில் இதே ஆபத்து நிலப் பதிவேடுகளில் இருந்து தொடங்குகிறது. மத்திய நில வளத் துறையும் தேசிய தொலையுணர்வு மையமும் 2019-இல் வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பின்படி, 2015-16-இல் நாட்டின் நிலப்பரப்பில் 16.96 சதவீதம், அதாவது 5.576 கோடி ஹெக்டேர், தரிசு நிலமாகும். இயற்கையான புல்வெளிகளும் புதர்க்காடுகளும் இக்கணக்கில் கணிசமாக அடங்கியுள்ளன.

தரிசு என்று பதிவான நிலமே தொழிற்பேட்டைகளுக்கும் மரம் நடும் திட்டங்களுக்கும் முதலில் ஒதுக்கப்படுகிறது. சூரிய ஒளி மின்தகடுத் திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. இதனால், அங்கு என்ன வாழ்கிறது என்று பார்க்காமலேயே நிலம் மாறிவிட வாய்ப்பு உண்டு. தூய மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை; அதற்கான இடத்தைத் தேர்வு செய்யும் முறையே இங்கு எழும் கேள்வி.

கானமயில் வாழும் புல்வெளிகளில் மின்கம்பிகள் செல்வது குறித்து உச்ச நீதிமன்றம் 2021-இல் தலையிட்டது. பறவைக்குக் கிடைத்த அந்தக் கவனம், அதன் இரையான பூச்சிகளுக்குக் கிடைப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் உள்ள பூச்சிகளில் மிகப் பெரும்பாலானவை வண்ணத்துப்பூச்சிகளே.

மேய்ச்சலும் ஒரு காவல்

புல்வெளிக்கு வேலி போட்டு மூடிவிடுவதும் தீர்வாகாது. பிரிட்டனில் மிக அரிதாகிவிட்ட ‘டெக்டிகஸ் வெருசிவோரஸ்’ வெட்டுக்கிளி, தெற்கு இங்கிலாந்தின் ஒருசில புல்வெளிகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. 1990-களில் லண்டன் உயிரியல் பூங்காவில் வளர்க்கப்பட்ட பூச்சிகள் புல்வெளிகளில் விடப்பட்டன. முட்டையிட வெற்று மண்ணும் குட்டைப் புல்லும், மறைந்து வாழ உயர்ந்த புற்கற்றைகளும் இதற்கு அருகருகே தேவை. அளவான மேய்ச்சலே இந்தக் கலவையைப் பேணுகிறது. மேய்ச்சல் மிகுந்தாலும், முற்றிலும் நின்றாலும் பூச்சி மறையும்.

ஆடு, மாடு மேய்ப்பவர்களை நிலத்தின் எதிரிகளாகப் பார்க்கும் போக்குக்கு இது ஒரு மறுப்பு. மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக 2026-ஐ ஐ.நா. பொதுச் சபை அறிவித்திருப்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

சட்டம் தரும் வழி

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய நிலையும் இல்லை. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி, உள்ளாட்சிகள்தோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளும் உள்ளன. அதே சட்டத்தின் 37-ஆவது பிரிவு பல்லுயிர் மரபுத் தலங்களை அறிவிக்க மாநில அரசுகளுக்கும், 38-ஆவது பிரிவு அழிவின் விளிம்பில் உள்ள இனங்களை அறிவிக்க மத்திய அரசுக்கும் அதிகாரம் அளிக்கின்றன. பூச்சிகளுக்கும் இப்பிரிவுகள் பொருந்தும்.

ஆனால், இந்தப் பிரிவுகள் எதையும் பயன்படுத்த ஒரு பெயர் வேண்டும். பெயரில்லாத இனத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததை மதிப்பீட்டு அறிக்கை தேடாது. 1916 முதல் மாதிரிகளைச் சேகரித்துவரும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தொகுப்புகளுடன் ஒலிப் பதிவுகளும் சேர வேண்டும். புல்வெளியை வேறு பயனுக்கு மாற்றும் முன், புல் உயர்ந்து பூச்சிகள் ஒலிக்கும் மழைக்காலத்துக்குப் பிந்தைய ஓர் இரவேனும் அங்கே கருவியுடன் காத்திருந்து கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பெயர் வந்தபோது, அந்தப் பெயருக்குரிய பூச்சி இல்லை.