மூலத்தை விஞ்சிய படம்

மூலநூல் உயர்ந்தது, திரைப்படம் அதன் நிழல் என்பது நம் வகுப்பறைகளில் வினாவின்றி ஏற்கப்பட்ட முடிபு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 'பதேர் பாஞ்சாலி' அவ்வெண்ணத்தை மாற்றியது.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் வங்கப் புதினம் 1929இல் நூலாக வெளிவந்தது. சத்யஜித் ராயின் படம் 1955இல் வந்தது. புதினத்தில் மூதாட்டி இந்திர் தொடக்கத்திலேயே மறைந்துவிடுகிறாள். ராயோ அவளை நெடுநேரம் வாழவைத்து, அவள் இறந்து கிடப்பதைச் சிறுவர்களே மூங்கில் தோப்பில் காணும்படி செய்கிறார். மரணம் அப்பிஞ்சு நெஞ்சங்களுக்கு அறிமுகமாவதை நாமும் உடனிருந்து உணர்கிறோம். பின்னர், மகள் துர்கா இறந்ததை அறியாத தந்தை, அவளுக்கென வாங்கிவந்த புடவையைத் தாயிடம் நீட்டுகிறார். தாய் கதறுகிறாள், நமக்கோ அழுகுரல் கேட்பதில்லை, இசைக்கருவியின் ஓலமே கேட்கிறது. எழுத்தால் எட்டவியலாத இடம் அது.

புதினத்தின் விரிவு படத்தில் இல்லை, மறுப்பதற்கில்லை. எனினும் என் நெஞ்சம் படத்தையே நாடுகிறது. இலக்கியத்தைப் போற்றப் பிறிதொரு கலையைத் தாழ்த்த வேண்டுவதில்லை. மாணவச் செல்வங்களே! இரண்டையும் அறிந்தபின், உங்கள் தீர்ப்பை அஞ்சாது உரையுங்கள்.