அபராதம் யார் தலையில்?

மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிடும். அப்போது விசைப்படகுகள் கடலின் அடியை வழித்தெடுக்கக் கூடாது. இதற்காகக் கேரளக் கடற்கரை மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 1984 இல் அருட்சகோதரி பிலோமின் மேரி உண்ணாவிரதமே இருந்தார். 1988 இல் மழைக்காலத் தடை வந்தது. அதை நாம் ஆதரிக்கிறோம். மீறினால் தண்டனை வேண்டும் என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. தண்டனை யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

1980 ஆம் ஆண்டின் கேரள கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், மீனின் மதிப்பு 1,000 ரூபாயைத் தாண்டினால் அதைப்போல் 5 மடங்கு வரை அபராதம் என்றது. இன்று பிடிபடும் விசைப்படகுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் என்று செய்தி படிக்கிறோம். படகிலுள்ள மீனையும் ஏலம் விட்டுக் கருவூலத்தில் கட்டிவிடுகிறார்கள்.

அந்த மீனில் யாருடைய பங்கு இருந்தது? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் பங்கு வாங்கும் தொழிலாளியின் பங்கு! எங்கே வலை இறக்குவது என்று முடிவு செய்தவர் முதலாளி, நடத்தியவர் ஸ்ராங்கு. வலை இழுத்தவனுக்கு அந்தப் பயணத்துக் கூலி போயிற்று. அபராதத்தையும் பொதுச் செலவில் எழுதினால் அடுத்த கூலியும் போயிற்று. வீட்டில் அடுப்பு அணைகிறது.

பல படகு வைத்திருக்கும் முதலாளிக்கு இந்த அபராதம் தண்டனையல்ல, கடலுக்குக் கட்டும் வாடகை! கடனில் ஒற்றைப் படகு வாங்கியவரோ அதே தொகைக்குப் படகையே விற்க வேண்டும். இதுவா சமநீதி?

பிடிப்பது மீன்வளத் துறை. விசாரித்து அபராதம் போடுவதும் அதே துறை அதிகாரி. மேல்முறையீடு உண்டுதான். மலையாள உத்தரவை வாசிக்கத் தெரியாதவன் எதை வைத்து முறையிடுவான்? தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம். அந்த உரிமை விழிஞ்ஞம் துறைமுகத்திலும் செல்ல வேண்டாமா?

தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. உரியவர் தலையில் வைக்கச் சொல்கிறோம்.

1. படகின் நீளம், எஞ்சின் சக்தி, எத்தனையாவது தடவை என்று பார்த்து அபராதம் விதிக்க வேண்டும்.
2. அபராதத்தைத் தொழிலாளியின் பங்கில் பிடிக்கக் கூடாது. ஏலப் பணத்தில் அவன் கூலியை முதலில் கொடுக்க வேண்டும்.
3. துறைக்கு வெளியேயுள்ள ஒருவர் விசாரிக்க வேண்டும். உத்தரவு தமிழிலும் வேண்டும்.

தோழர்களே! படகில் ஏறுமுன் 'அபராதம் வந்தால் யார் கணக்கு?' என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் வேலை போகும். சேர்ந்து கேட்டால் பதில் வரும்!