அடிக்கல்லுக்கு முந்தைய கூட்டம்

வடலூர் சத்திய ஞான சபையைச் சுற்றியுள்ள பெருவெளி, பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாரை நம்பிக் கொடுத்த நிலம். அங்கே 99.90 கோடி ரூபாயில் வள்ளலார் பன்னாட்டு மையம் கட்ட 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில் அதே ஊர்க்காரர்கள் அஸ்திவாரக் குழிக்குள் இறங்கிப் போராடினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மையமே வேண்டாம் என்பதல்ல அவர்கள் பேச்சு. தைப்பூசத்தன்று ஜோதி தரிசனத்துக்கு ஜனம் நிற்கும் வெளியை விட்டுவிட்டு வேறிடத்தில் கட்டுங்கள் என்றார்கள். வரைபடம் போடுமுன் ஒரு சாயங்காலம் ஊரில் உட்கார்ந்திருந்தால் இது காதில் விழுந்திருக்கும். வீடு கட்டித் தருவதிலும் இதே அவசரம்தான். சென்னையின் ஆற்றோரத்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிப்போனபோது கூரை கிடைத்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அவர்களை அங்கே குடியேற்றிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. நல்ல பெயர்தான், குறை சொல்வதற்கில்லை. இனி அரசு அடிக்கல் தேதிக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தின் தேதியைக் குறிக்கட்டும். வரைபடத்தைத் திருத்தும் உரிமையும் அந்தக் கூட்டத்துக்கு இருக்கட்டும். வெறும் கையெழுத்து வாங்கும் கூட்டமென்றால், பந்தல் செலவாவது மிச்சம் பிடிக்கலாம்.