நாற்பது வயதுக்காகக் காத்திருந்தவர்



பதுவை என்னும் பெயரைக் கேட்டதும் நம் உள்ளத்தில் தோன்றுவது குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய புனித அந்தோனியாரின் திருவுருவமே. அதே இத்தாலிய நகரின் நடுவே, நாம் அதிகம் அறியாத இன்னொரு தெருவும் உண்டு. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூதர்களை மற்றவரினின்று பிரித்துக் குடியமர்த்திய கெட்டோ அது. அங்கே 1707-ல் பிறந்தார் ஒரு குழந்தை. பின்னாளில் யூத மக்களின் ஞான நூல்களுள் தலைசிறந்த ஒன்றை எழுதிய ரபி மோசே ஹயிம் லுசாத்தோ அவரே. இம்மாதம் அவருடைய வாழ்வையும் எழுத்தையும் சற்றே நோக்குவோம்.

தான் உயிரினும் மேலாக மதிக்கும் பணியை நிறுத்திவிடும்படி தன் சமயத்துப் பெரியோர் கட்டளையிட்டால், இறைப்பற்றுள்ள ஒருவன் என்ன செய்வான்? எதிர்த்து வெளியேறுவானா? பணிந்து கருகிப் போவானா? லுசாத்தோவின் வாழ்க்கை முழுவதும் இக்கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

இளம் மேதை

செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். மறைநூலும் தல்மூதும் மட்டுமன்றி, இலத்தீனும் இத்தாலியமும் கற்றார். இளமையிலேயே எபிரேய மொழியில் கவிதையும் நாடகமும் இயற்றினார். எபிரேயச் சொல்வன்மையைப் பற்றி அவர் எழுதிய இலக்கண நூல் 1727-ல் மாந்துவா நகரில் அச்சேறியபோது அவருக்கு வயது இருபதே. அவருடைய ஆசிரியர் ரபி ஏசாயா பசான். அம்மாணவனைத் தம் மகனைப்போல் நேசித்த அப்பெரியவரை நாம் மறத்தலாகாது. பின்வரும் துன்பங்களிலெல்லாம் அவருக்கும் பங்குண்டு.

அதே 1727-ம் ஆண்டில் லுசாத்தோவின் வாழ்வு திசை திரும்பியது. தாம் தியானத்தில் ஆழ்ந்திருக்கையில் ஒரு விண்ணகக் குரல் தம்மோடு பேசத் தொடங்கியது என்று அவரே எழுதியுள்ளார். இத்தகைய தூதரை எபிரேயர் 'மகித்', அதாவது அறிவிப்பவர், என்பர். அக்குரல் உரைத்ததை அவர் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தார். அவரைச் சுற்றி ஓர் இளைஞர் குழு திரண்டது. மருத்துவராயிருந்த மோசே தாவீது வாலே, வில்னாவிலிருந்து மருத்துவம் பயில வந்த யெகுத்தியேல் கோர்தோன் முதலியோர் அதில் முதன்மையானவர்கள். ஒருவர் பின் ஒருவராக முறைவைத்து, பகற்பொழுதில் இடைவிடாது 'சோகார்' நூலை அவர்கள் ஓதினர். உலகின் மீட்புக்காக ஓதுவதேயன்றித் தம் சொந்த நலனுக்காக அல்ல என்று கையெழுத்திட்டு உறுதியும் பூண்டனர்.

கபாலா என்பது யாது?

கபாலா என்னும் சொல்லுக்குப் 'பெற்றுக்கொண்டது' என்பது பொருள். ஆசிரியரிடமிருந்து மாணவன் பெற்றுக்கொள்ளும் மறைபொருள் அறிவையே யூதர் அப்பெயரால் அழைத்தனர். அதன் தலையாய நூலான சோகார், 13-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டில் வெளிப்பட்டது. காணவும் கருதவும் இயலாத இறைவன், பத்து ஒளிகளின் வழியாகத் தம்மை வெளிப்படுத்தி உலகை நடத்துகிறார் என்பது அதன் மையக் கருத்து. பின்னர், கலிலேயாவின் சாபேத் நகரில் வாழ்ந்த ரபி ஈசாக்கு லூரியா (1534-1572) இதனை மேலும் விரித்துரைத்தார். எல்லையற்ற இறைவன் படைப்புக்கு இடமளிக்கும்பொருட்டுத் தம்மையே சுருக்கிக் கொண்டார். அவரது ஒளியைத் தாங்க மாட்டாமல் கலங்கள் உடைந்தன. சிதறிய சுடர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் பணி மனிதனின் செபத்திலும் நற்செயலிலும் அடங்கியுள்ளது என்று அவர் போதித்தார்.

இவற்றையெல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்ளலாகாது, இவை ஆழ்ந்த உண்மைகளைச் சுட்டும் உவமைகளே என்று விளக்கியதில்தான் லுசாத்தோவின் பெருமை விளங்குகிறது. 'ஞானத்தின் 138 திறவுகள்' என்னும் நூலில் அவர் இம்மறைபொருளை ஒழுங்குபட அடுக்கிக் காட்டினார். இறைவன் ஏன் படைத்தார்? தம் நன்மையைப் பிறருக்கு ஈயவே. அவ்வாறாயின், பேரின்பத்தை நேரே கொடுத்துவிடலாமே. உழைப்பும் சோதனையும் எதற்கு? உழைக்காமல் பிறர் கையால் உண்பவனுக்கு அந்த உணவே வெட்கத்தைத் தரும் என்கிறது பழைய யூத மரபு. மனிதன் வெட்கமின்றித் தலைநிமிர்ந்து நன்மையைப் பெறவேண்டும் என்பதற்காகவே இறைவன் அவனுக்கு உழைப்பையும் விருப்புரிமையையும் தந்தார் என்பது லுசாத்தோ இதனின்று கண்ட விடை. தானமாக வந்த சோற்றைவிடக் கூலியாக வந்த கஞ்சி இனிக்கும் என்பதை அறிந்த நமக்கு இது விளங்காத தத்துவமன்று.

பெட்டியில் பூட்டப்பட்ட ஏடுகள்

1729-ல் கோர்தோன் தம் ஆசிரியரின் புகழை வியந்து எழுதிய மடல் ஒன்று, ஆல்தோனா நகரில் இருந்த ரபி மோசே ஹாகிஸ் என்பவரின் கைக்கு எட்டியது. அவர் உடனே வெனிஸ் நகர ரபிகளை எச்சரித்தார்.

அவர்களுடைய அச்சம் காரணமற்றதன்று. 1665-ல் சப்பத்தாய் சேவி என்பவன் தன்னை மெசியா என்று அறிவித்தான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் யூதர்கள் அவனை நம்பி, வீடு வாசலை விற்றுப் புனித நாட்டுக்குப் புறப்பட ஆயத்தமாயினர். மறு ஆண்டே அவன் துருக்கிய சுல்தானின் முன்னிலையில் இஸ்லாம் சமயத்தைத் தழுவினான். அந்தக் காயம் ஆறுமுன், மணமாகாத ஓர் இளைஞன் விண்ணகக் குரலைக் கேட்பதாகச் சொன்னால் பெரியோர் நடுங்குவது இயல்பே. லுசாத்தோவின் குழுவினரும் தங்கள் காலத்திலேயே மெசியாவின் மீட்பு மலரும் என்று உறுதியாக நம்பியவர்களே. இதையும் நாம் நேர்மையோடு கூறவேண்டும்.

1730-ல் லுசாத்தோ ஓர் ஆணைப்பத்திரத்தில் கையெழுத்திட்டார். விண்ணகக் குரலின்படி எழுதுவதில்லை, கபாலாவைக் கற்பிப்பதில்லை, எழுதிய ஏடுகளைத் தம் ஆசிரியர் பசானிடம் ஒப்படைத்துவிடுவது என்பன அதன் நிபந்தனைகள். அவ்வேடுகள் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டன. மறைபொருளை நாற்பது வயதுக்குமுன் கற்பது தகாது என்பது பல யூதரிடையே வழக்கம். அவருக்கும் அதுவே எல்லையாக வகுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. மறு ஆண்டு மாந்துவா நகர ரபியின் மகள் சிப்போராவை மணந்தார்.

புயல் ஓய்ந்ததென்று எண்ணியிருக்க, 1734-ல் மீண்டும் வீசியது. கபாலாவைத் தாக்கி முற்காலத்தில் எழுதப்பட்ட ஒரு நூலுக்கு மறுமொழியாக லுசாத்தோ ஒரு நூல் எழுதியிருந்தார். பசானின் ஒப்புதலும் அதற்கு இருந்தது. அதனைத் தங்கள் பார்வைக்கு வைக்கவேண்டுமென்று வெனிஸ் ரபிகள் கேட்டனர். அவர் இணங்கவில்லை. அவரையும் அவருடைய எழுத்துகளையும் விலக்கி வைத்துத் தீர்ப்பு வெளியாயிற்று.

குடும்பச் செல்வமும் கரைந்துபோயிருந்த அந்நாளில் அவர் ஆம்ஸ்டர்டாம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் பிராங்க்பர்ட் நகர ரபியிடம் அடைக்கலம் தேடிப் போனார். கிடைத்ததோ அடைக்கலமன்று, மற்றோர் ஒப்பந்தம். 1735-ம் ஆண்டின் தொடக்கத்தில், தம் காட்சிகளைத் தாமே மறுத்துரைக்கும் பத்திரத்தில் அவர் வற்புறுத்தலின்பேரில் கையெழுத்திட்டார். பெட்டியிலிருந்த ஏடுகள் பிராங்க்பர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, சில எரிக்கப்பட்டன, சில புதைக்கப்பட்டன. பெற்ற பிள்ளையைப் புதைத்தவரின் துயரம் அவருடைய துயரம்.

மௌனத்தில் மலர்ந்த நூல்

ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய யூதர் அவரை அன்போடு ஏற்றனர். அங்கே கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடும் தொழிலால் அவர் வயிறு வளர்த்தார் என்பர். கபாலாவைப் பிறருக்குக் கற்பிக்காமல் தம் வாக்கைக் காத்தார். தம்மைப் பழித்தோரைத் திருப்பிப் பழிக்கவில்லை. ஆனால் எழுதுகோலைக் கீழே வைக்கவுமில்லை. தடுக்கப்பட்ட மொழியை விட்டுவிட்டு, எல்லாரும் உணரும் எளிய மொழியில் 1740-ல் ஒரு நூலை வெளியிட்டார். 'மெசில்லாத் யெஷாரிம்', அதாவது 'நேர்மையாளரின் பாதை', என்பது அதன் பெயர். மறைபொருளின் சொற்கள் அதில் காணப்படவில்லை. ஆயினும் அதன் உயிர்நாடி முழுவதும் அங்கே துடிக்கிறது.

புதிதாக எதையும் கற்பிக்க வரவில்லை, யாவரும் அறிந்திருந்தும் மறந்துபோவதை நினைவூட்டவே வந்தேன் என்னும் கருத்தோடு ஆசிரியர் நூலைத் தொடங்குகிறார். பண்டைய ரபி பினகாசு பென் யாயிர் வகுத்த ஏணியை எடுத்துக்கொண்டு, இருபத்தாறு அதிகாரங்களில் படி படியாக நம்மை ஏற்றிச் செல்கிறார். விழிப்பு, ஊக்கம், மாசின்மை, பற்று விலகல், உள்ளத் தூய்மை, பக்தி, தாழ்ச்சி, பாவத்துக்கு அஞ்சுதல், புனிதம் ஆகிய ஒன்பதே அப்படிகள்.

அவர் கூறும் செய்திகளுள் சிலவற்றைக் கேளுங்கள். நம்மைக் கெடுக்க நினைக்கும் தீய நாட்டம் நம்மிடம் வாதாடுவதில்லை. ஓய்வின்றி வேலையில் ஆழ்த்திச் சிந்திக்க நேரமில்லாமல் செய்துவிடுகிறது. எகிப்தில் பார்வோன் இஸ்ரயேலருக்கு வேலைப்பளுவைக் கூட்டியதும் இந்தத் தந்திரத்தால்தான் என்கிறார். விடியல் முதல் இரவுவரை ஓடியும், ஏன் ஓடுகிறோம் என்று ஒரு கணமும் எண்ணாத நம் இல்லங்களுக்கு இதைவிடச் சிறந்த கண்ணாடி ஏது?

செல்வர்கள் பொழுதுபோக்குக்காக அமைக்கும் புதர்வழித் தோட்டத்தை அவர் உவமையாகக் கூறுகிறார். உள்ளே நடப்பவனுக்கு எல்லா வழிகளும் ஒன்றுபோலவே தோன்றும். நடுவிலுள்ள மேடையை முன்னரே அடைந்தவனோ எல்லா வழிகளையும் காண்கிறான். இதுவே வழி என்று கூவுகிறான். வாழ்க்கையில் முதிர்ந்த நல்லோரின் சொல் அந்த மேடையிலிருந்து வரும் குரலே.

மாசின்மையைப் பற்றிப் பேசும்போது, பூட்டை உடைப்பவன் மட்டும் திருடனல்லன் என்கிறார். கூலிக்கு அமர்ந்தவன் வேலை நேரத்தை வீணாக்கினால் அதுவும் களவே. முற்காலத்து ஞானி ஒருவர், நாட்கூலியாக உழைக்கையில் தமக்கு வணக்கம் கூறியவருக்குப் பதில் வணக்கமும் கூறாமல் வேலையைத் தொடர்ந்தாராம். அந்த நேரம் தம்முடையதன்று என்பதே காரணம்.

பக்தியும் எடைபோடப்பட வேண்டும் என்று அவர் எச்சரிப்பது நம்மைத் திகைக்க வைக்கிறது. எரேமியா ஆகமத்தில் வரும் கெதலியா, இஸ்மாயேலைப் பற்றிக் கூறப்பட்ட எச்சரிக்கையை நம்ப மறுத்தார். பிறரைப் பற்றித் தீயது எண்ணலாகாது என்ற நல்லெண்ணமே அது. விளைவோ அவருடைய கொலையும், மக்களின் சிதறலும். செயல் தன்னளவில் நல்லதாயினும், அதன் பயனையும் சூழலையும் ஆராயாத பக்தி தீங்காகவும் முடியும். விண்ணகக் குரலைக் கேட்டதாகக் கூறி இத்தனை துன்பம் கண்டவர் இதனை எழுதினார் என்பதை எண்ணும்போது, அவ்வரிகளின் கனம் நமக்குப் புலப்படுகிறது.

அக்கோ நகரில்

1743-ல் தம் மாணவர் ஒருவரின் திருமணத்துக்காக 'நேர்மையாளருக்குப் புகழ்ச்சி' என்னும் நாடகத்தை இயற்றி அளித்தார். அதே ஆண்டில் மனைவியோடும் மகனோடும் புனித நாட்டுக்குப் பயணமானார். கலிலேயாக் கடற்கரையில் உள்ள அக்கோ நகரில் அவர் வாழ்ந்தது சிறிது காலமே. 1746-ல் கொள்ளைநோய் மூவரையும் வாரிச் சென்றது. எந்த நாற்பது வயதுக்காக அவர் காத்திருந்தாரோ, அந்த வயது நிறைவுறும் முன்னரே அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்ததே வியப்பு. வில்னா நகரின் மாபெரும் ஞானி ரபி எலியா (1720-1797), அவர் உயிரோடிருந்தால் கால்நடையாகவே சென்று அவரிடம் நல்லொழுக்கம் கற்றிருப்பேன் என்று கூறியதாக மாணவர் மரபு உரைக்கிறது. அவ்வெலியா எதிர்த்த ஹசிதியரும் லுசாத்தோவைப் போற்றினர். சமயக் கட்டுப்பாட்டைத் தளர்த்த விரும்பிய புதுமை எழுத்தாளர்களோ அவரைப் புதிய எபிரேய இலக்கியத்தின் தந்தை என்றனர். 19-ம் நூற்றாண்டில் ரபி இஸ்ரயேல் சலாந்தர் தோற்றுவித்த ஒழுக்க இயக்கம் 'நேர்மையாளரின் பாதை'யைத் தன் பாடநூலாக்கியது. ஒன்றோடொன்று ஒவ்வாத தரப்பினர் அனைவரும் ஒருவரையே தம்மவர் என்று உரிமை கொண்டாடினர்! அக்கோவில் அவர் பெயரால் விளங்கும் சிறிய தொழுகைக்கூடத்தை இன்றும் காணலாம்.

அந்நூலின் முதல் வடிவம் 1738-ல் எழுதப்பட்ட ஒரு கையேட்டில் இருந்தது. ஞானி ஒருவரும் பக்தர் ஒருவரும் உரையாடுவதாக அமைந்த அது, மாஸ்கோ நகர நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1994-ல் அச்சேறியது. எரிந்தவை எரிந்தன, ஆயினும் எழுதியவை எல்லாம் அழிந்துவிடவில்லை.

தொடக்கத்தில் நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அவர் பெரியோரை விட்டு ஓடவுமில்லை. உள்ளம் கருகி ஓய்ந்துவிடவுமில்லை. ஒரு கதவு அடைபட்டபோது, திறந்திருந்த மற்றொரு கதவின் வழியே அதே இறைவனை நோக்கி நடந்தார். அவரைத் தடுத்தோரின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. அவர் உள்ளத்தில் எரிந்த சுடரும் உண்மையானதே. இவ்விரண்டுக்கும் இடையே அவர் பட்ட வேதனையிலிருந்தே நேர்மையாளரின் பாதை பிறந்தது.

நம் இல்லங்களிலும் விரும்பிய படிப்பு மறுக்கப்பட்ட மகனும், தன் திறமைக்கு இடமின்றிப் போன மகளும், மேலோரால் தவறாக எண்ணப்பட்ட பணியாளரும் உண்டு. அவர்களுக்கு வெறும் பொறுமையை மட்டும் போதித்து விடுவது எளிது. திறந்திருக்கும் கதவு எது என்று அவர்களோடு அமர்ந்து தேடுவதே அன்பு. ரபி பசான் தம் மாணவனுக்காக எவ்வளவோ மன்றாடியும் ஏடுகளைக் காக்க இயலவில்லை. ஆனால் ஆசிரியர் ஒருவர் தம்மீது நம்பிக்கை வைத்திருக்கிறார் என்ற உறுதி அம்மாணவனுக்கு எந்நாளும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் அளிக்கக்கூடிய செல்வமும் அதுவே.