முகத்தை விட்டு வெளிச்சத்தைப் பேசுவோம்



ஞாயிறு ஆராதனை முடிந்து கீழ் மண்டபத்தில் தேநீர் குடிக்கும் நேரத்தில், கமராவும் தொலைபேசியுமாகப் பெரியவர்களைப் படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது நம்மிடையே கூடியிருக்கிறார்கள். மாலைக்குள் அந்தப் படங்கள் வாலிபர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அவற்றுக்கு நாம் எழுதும் பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, “சூப்பர்”, “நல்ல வடிவு”. மற்றது, “ஐயோ, அன்ரி என்ன இப்படிக் கறுப்பா விழுந்திருக்கிறா?”, “மாமாவின்ர மூக்கைப் பாருங்கோ”. முதலாவதால் எடுத்தவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டாவதால் அவர் மனம் நோகிறது. அடுத்த கிழமை கமரா வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

ஒருவரைப் பிடித்த படத்தில் எப்போதும் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்: எடுத்தவர், பார்ப்பவர், படத்தில் இருப்பவர். பூவையோ பாலத்தையோ எடுத்த படத்தை நாம் என்ன சொன்னாலும் பூவுக்கு நோகாது. ஆனால் “கறுப்பா விழுந்திருக்கு” என்ற சொல் அந்த அன்ரியின் காதுக்கும் போகும். “இனிமேல் என்னை எடுக்க வேண்டாம் பிள்ளை” என்று அவர் சொல்லிவிட்டால், இழப்பு நமக்குத்தான். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அல்பத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் நம் சபையிலேயே இருக்கின்றன. தாய் தகப்பனின் படம் ஒன்றுகூடக் கையில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இன்று நாம் எடுக்கும் படத்தைத்தான் பேரப்பிள்ளைகள் நாளை சுவரில் மாட்டப்போகிறார்கள். ஆகவே நன்றாக எடுக்கப் பழகுவதும், பழகுகிறவருக்கு உதவும்படி பேசுவதும் சின்ன விஷயங்கள் இல்லை.

முதலில் அந்தக் “கறுப்பு” விஷயத்தைப் பார்ப்போம். கமரா ஒரு காட்சியை அளக்கும்போது, அது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிற வெளிச்சமுடையது என்று எடுத்துக்கொள்கிறது. பின்னால் வெள்ளைச் சுவரோ, இந்நாட்டில் குறைவில்லாமல் கிடைக்கும் பனியோ இருந்தால், “வெளிச்சம் மிஞ்சிவிட்டது” என்று நினைத்துப் படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். பனி சாம்பலாகும், முகம் மங்கும். இதில் அன்ரியின் நிறத்துக்கு எந்தக் குற்றமும் இல்லை. திரையில் அவருடைய முகத்தின்மேல் விரலை வைத்துத் தட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினால் முகம் தெளிவாக வரும். “கறுப்பா இருக்கு” என்பதற்குப் பதிலாக, “பின்னால் இருக்கும் பனியைப் பார்த்து கமரா இருட்டாக்கிவிட்டது, முகத்தில் தட்டிவிட்டு எடுத்துப் பார்” என்று சொன்னால், அதே குறையைச் சொன்னதாகவும் ஆகும், ஒருவரும் சிறுமைப்படவும் மாட்டார்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கலர்ப் படங்களை அச்சிடும் கடைகளுக்கு, நிறம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க கொடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதில் இருந்தவரின் பெயரால் அது ‘ஷெர்லி அட்டை’ என்றே அழைக்கப்பட்டது. அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. கருநிறத்தவர்களின் முகங்கள் விவரமின்றி இருண்டுபோவது நீண்ட காலம் தொடர்ந்தது. சொக்லேட் செய்பவர்களும் மரத் தளபாடம் விற்பவர்களும், “எங்கள் பொருட்களின் பழுப்பு நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியவில்லை” என்று முறையிட்டதும் பிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம் என்று இதை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெவ்வேறு இனப் பெண்கள் மூவர் ஒன்றாக இருக்கும் அட்டையை கொடாக் வெளியிட்டது 1990களில்தான். அந்த வியாபாரிகள் “படம் சரியில்லை” என்று மட்டும் சொல்லவில்லை. எது தெரியவில்லை என்று சொன்னார்கள். அதனால்தான் திருத்த முடிந்தது.

ஆஸ்பத்திரியில் தாதியரான நாங்கள் கடமை மாறும்போதும் இப்படித்தான் பேசப் பழக்கப்பட்டிருக்கிறோம். “ஐயாவின் கால் சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்து வருபவர் என்ன செய்வார்? “வலது குதிகால் சிவந்திருக்கிறது, அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை, காலைத் தலையணையில் தூக்கி வையுங்கள்” என்றால் அவருக்கு வேலை தெரியும். கண்டது என்ன, அதனால் என்ன ஆகிறது, இனி என்ன செய்யலாம் என்ற இந்த மூன்றும் படத்துக்கும் பொருந்தும். சில எடுத்துக்காட்டுகள்:

“மாமாவின் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. நீ மிகக் கிட்ட நின்றதால்தான் அப்படி. ஐந்தாறு அடி பின்னால் போய், தொலைபேசியில் 2 மடங்கு என்பதைத் தெரிந்து எடு.” தொலைபேசியின் பிரதான லென்ஸ் அகலக் கோண லென்ஸ். அதோடு கிட்டப் போனால், கமராவுக்கு அருகில் இருப்பது எதுவோ அது பெருக்கும்.

“அம்மம்மாவின் கண் இரண்டும் குழிக்குள் போனதுபோல இருக்கிறது. மண்டபத்தின் விளக்குகள் உச்சியில் இருப்பதால் நிழல் கண்ணில் விழுகிறது. யன்னலருகே ஒரு கதிரை போட்டு இருத்து.” அங்கே கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழும். முகம் உயிரோடு இருப்பதற்கு அந்தப் புள்ளி போதும். மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடுவதால், ஆராதனை முடிந்த கையோடு எடுப்பது நல்லது.

“கண்ணாடியில் யன்னல் பளிச்சிட்டுக் கண்ணை மறைக்கிறது. நாடியைக் கொஞ்சம் பதிக்கச் சொல்லு, அல்லது முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லு.”

நன்றாக வந்ததையும் இதே அளவு விவரமாகச் சொல்ல வேண்டும். “கையை மடியில் வைத்திருக்கும் விதத்தில் அவருடைய குணமே தெரிகிறது, கையையும் சேர்த்து எடுத்தது நல்லது” என்றால், அடுத்த முறையும் அந்தப் பிள்ளை கையைக் கவனிக்கும். “சூப்பர்” என்ற சொல் அந்த வேலையைச் செய்யாது.

இனி, எங்கே சொல்வது? அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் அப்பொல்லோவைச் சந்திக்கிறோம். அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சொல்வன்மை மிக்கவர், வேதத்தில் தேர்ந்தவர். ஆனாலும் யோவானின் ஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். எபேசுவின் ஜெப ஆலயத்தில் அவர் பேசியதை, கூடாரம் செய்யும் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கேட்டார்கள். குறை இருப்பது அவர்களுக்கு விளங்கியது. சபை நடுவில் எழுந்து மறுத்துப் பேசாமல், அவரைத் தங்களோடு அழைத்துப்போய் இன்னும் திருத்தமாக விளக்கினார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு தனியே அழைத்தார்கள், அதன் பிறகே சொன்னார்கள். நாமும் குழுவில் நல்லதை எழுதுவோம். திருத்த வேண்டியதை அந்தப் பிள்ளைக்குத் தனியாகச் சொல்வோம். அதற்கு முன், “இந்தப் படத்தில் நீ என்ன காட்ட நினைத்தாய்?” என்று ஒரு கேள்வியும் கேட்போம். வேண்டுமென்றே இருட்டாக எடுத்திருக்கவும் கூடும்.

அப்பொல்லோவையும் கவனியுங்கள். அவ்வளவு படித்தவர், கூடாரம் தைக்கும் தம்பதியரிடம் கேட்டுக்கொண்டார். பிறகு அகாயாவுக்குப் போய் அங்குள்ள விசுவாசிகளுக்குப் பெரிய உதவியாக இருந்தார். நம் படத்துக்கு ஒருவர் குறை சொல்லும்போது, “அன்றைக்கு வெளிச்சம் இல்லை”, “அவர் அசைந்துவிட்டார்” என்று உடனே நியாயம் சொல்ல நா துடிக்கும். அதைச் சற்று அடக்கி, “எந்த இடத்தில்?” என்று மட்டும் கேட்போம். சொன்னதை ஒருமுறை செய்து பார்ப்போம். சரிவந்தால் வைத்துக்கொள்வோம், சரிவராவிட்டால் விட்டுவிடுவோம். எல்லார் சொல்லையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “முகத்தை வெளுப்பாக்கிப் போடு” என்று யாராவது சொன்னால், அதை அன்போடு மறுத்துவிடலாம். கலியாணப் பேச்சுக்கு அனுப்பும் படத்தை வெள்ளையாக்கித் தரச் சொல்லி ஸ்ரூடியோவில் கேட்ட வழக்கத்தை நாம் தொலைபேசிக்குள் கொண்டுவரத் தேவையில்லை. தேவன் தந்த நிறத்தைத் தெளிவாகக் காட்டுவதே நம் வேலை.

மூன்றாமவரையும் மறக்க வேண்டாம். எடுத்த படத்தை முதலில் படத்தில் இருப்பவருக்குக் காட்டுவோம். அவர் சரி என்றால் மட்டும் குழுவில் போடுவோம். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுவோம்.

இந்த மாதப் பயிற்சி: இருவர் இருவராகச் சேருங்கள். சபையின் மூத்தவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, யன்னலருகே இருத்தி, ஆளுக்கு மூன்று படம் எடுங்கள். பிறகு ஒருவர் படத்தை மற்றவர் பார்த்து, நன்றாக வந்த ஒன்றையும் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒன்றையும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அதே மூத்தவரை மீண்டும் எடுங்கள். வடிவாக வந்ததை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். தொலைபேசி பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்குக் காகிதப் படம்தான் படம்.