ஓட்டையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

"அப்டேட் செய், அப்டேட் செய் என்று கம்ப்யூட்டர் ஓயாமல் கேட்கிறதே, செய்யாவிட்டால் என்ன?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் வேண்டுமானால், அந்த அப்டேட் தயாராகும் இடத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பது நமக்குத் தெரியும். மனுவைப் பதிவு செய்து, நம்பர் போட்டு, உரிய துறைக்கு அனுப்புவார்கள். சாப்ட்வேர் கம்பெனிகளிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் இஷ்யூ டிராக்கர். பக்ஸில்லா, ஜிரா போன்றவை இந்த வகை. என்ன குறை, யார் சரிசெய்ய வேண்டும், வேலை எந்த அளவில் நிற்கிறது என எல்லாம் அதில் பதிவாகும்.

செக்யூரிட்டி டூல் என்பது வேறு. அது சாப்ட்வேரைச் சோதித்து, திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளைப் பட்டியல் போட்டுத் தரும். இந்தப் பட்டியல் டிராக்கருக்குப் போகாமல் வெறும் ஈ-மெயிலாகச் சுற்றினால், மனுவைப் பதிவு செய்யாமல் யாருடைய மேஜையிலோ வைத்துவிட்டு வந்த கதைதான். எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் செய்யமாட்டார்கள்.

அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியில் இதுதான் நடந்தது. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற சாப்ட்வேரில் பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. அதை அடைக்கும் பேட்சும் வந்துவிட்டது. கம்பெனிக்குள் 400க்கும் மேற்பட்டோருக்கு மெயில் போனது. ஆனால் அந்த சாப்ட்வேர் அங்கே பயன்பாட்டில் இருப்பதை அறிந்த டெவலப்பர் அந்த மெயில் பட்டியலில் இல்லை! ஸ்கேன் செய்தபோதும் ஓட்டை சிக்கவில்லை. மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை வரை உள்ளேயே இருந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் பறிபோயின.

ஆகவே, செக்யூரிட்டி டூலையும் இஷ்யூ டிராக்கரையும் இணைத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இணைக்கக் கூடாது. டூல் சொல்வதில் பொய் எச்சரிக்கைகளும் நிறைய இருக்கும். அத்தனையையும் கொட்டினால் உண்மையான ஆபத்து குப்பையில் மறைந்துவிடும். எனவே ஆபத்தானவை முதலில் போக வேண்டும். ஒரே ஓட்டை பத்து முறை பதிவாகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் வேண்டும். "சரிசெய்துவிட்டேன்" என்று டெவலப்பர் சொன்னால் போதாது. டூல் மறுபடி சோதித்து ஓட்டை இல்லை என்று காட்டிய பிறகே அந்தப் பதிவை மூட வேண்டும்.

இன்னொன்று, அடைக்காத ஓட்டைகளின் பட்டியல் திருடனுக்குக் கிடைத்த சாவிக்கொத்து. மொஸில்லாவின் பக்ஸில்லாவுக்குள் ஒருவர் புகுந்து ரகசியப் பதிவுகளைப் படித்ததாகவும், அதை வைத்து பயர்பாக்ஸ் பயன்படுத்துவோர் தாக்கப்பட்டதாகவும் மொஸில்லா 2015ல் தெரிவித்தது. தேவையானவர்கள் மட்டுமே பார்க்கும்படி இந்தப் பதிவுகளைப் பூட்டி வைப்பது அவசியம்.

எல்லாம் சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? டிராக்கரில் பதிவான ஓட்டை அடைபட்டு, கடைசியாக வந்து சேரும் இடம் உங்கள் கம்ப்யூட்டர்தான். வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் கொடுத்தது. தாக்குதல் வந்தது மே 12ல். இடையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம். அப்டேட் செய்யாத கம்ப்யூட்டர்கள் உலகமெங்கும் மாட்டிக்கொண்டன. நம் சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது.

கம்பெனி தன் வேலையைச் செய்து அனுப்பிய பிறகு, அந்தப் பதிவை உங்கள் வீட்டில் மூட வேண்டியவர் நீங்கள்தான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள். "பிறகு பார்க்கலாம்" என்ற பட்டனை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.