விட்மன் கவுண்டி கோதுமை மானியம்: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பலூஸ் எனப்படும் மேடும் சரிவுமான மானாவாரிப் பகுதியில் இருக்கிறது விட்மன் கவுண்டி. கோதுமை விளைச்சலில் அந்நாட்டின் முன்வரிசைக் கவுண்டிகளில் ஒன்று. அந்த வட்டாரத்தின் வெள்ளைக் கோதுமையில் பெரும்பகுதி கப்பலேறி ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறது. அங்குள்ள மானியத்தைப் பற்றித் தமிழக விவசாயிகள் அமைப்பு ஏன் பேச வேண்டும்? நெல்லுக்கும் கோதுமைக்கும் இந்தியா வரம்பு மீறி விலை ஆதரவு தருகிறது என்று 2018 மே மாதம் உலக வர்த்தக அமைப்பில் எதிர் அறிவிக்கை கொடுத்தது அமெரிக்கா. நம் வரவு செலவை அவர்கள் புரட்டிப் பார்த்த பிறகு, அவர்களுடையதை நாமும் பார்க்கலாம்.

விட்மன் விவசாயிக்கு மானியமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விற்கும் விலையும் அவர் கையில் இல்லை, உரம், டீசல் விலையும் அவர் கையில் இல்லை. அரசு தாங்கிப் பிடிப்பது நியாயம்தான். பணம் யாருக்கு, எதை வைத்துப் போகிறது என்பதில்தான் எங்கள் ஆட்சேபம்.

2018 வேளாண் சட்டத்தில் கோதுமையின் ஆதார விலை புஷலுக்கு, அதாவது ஏறத்தாழ 27 கிலோவுக்கு, 5.50 டாலர். 2025 சட்டம் அதை 6.35 டாலராக உயர்த்தியது. நாட்டின் சராசரி விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும். ஆனால் இந்த ஆண்டு விதைத்த ஏக்கருக்கு அல்ல. பழைய சாகுபடிக் கணக்கின்படி நிலத்தோடு பதிவான ‘அடிப்படை ஏக்கரில்’ 85 சதவீதத்துக்கு. அந்த நிலத்தில் இப்போது கொண்டைக்கடலை போட்டிருந்தாலும் கோதுமைக்கான பணம் வரும். பதிவில்லாத நிலத்தில் கோதுமையே விதைத்தாலும் இந்தத் திட்டத்தில் ஒரு காசு வராது. புதிய சட்டம் 3 கோடி ஏக்கர் வரை கூடுதலாகப் பதிய வழி செய்திருக்கிறது. முறை என்னவோ அதேதான்.

எந்தப் பயிரையும் போடும் சுதந்திரம் இதனால் கிடைக்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் சலுகை நிலத்தோடு ஒட்டிக்கொண்டால் அதில் ஒரு பங்கு நில விலையிலும் குத்தகையிலும் ஏறிவிடும். உழுபவர் கைக்கு வந்தது நிலக்காரரிடம் போய்விடும். இந்த ஈட்டுத்தொகைக்காவது நபருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது; 2025 சட்டத்தில் அது 1,55,000 டாலர். பயிர்க் காப்பீட்டு பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு ஏற்கிறதே, அதற்கு வரம்பே இல்லை. நிலம் பெருகப் பெருக மானியமும் பெருகும்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு முழுதாக இருக்கிறதா? பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். டெல்டாவில் குத்தகைக்கு உழுது நஷ்டப்படுகிறவருக்கு அது கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதல் தமிழகத்தில் சட்டம் இருந்தும் இதுதான் நிலை.

ஆகவே, அமெரிக்காவிலானாலும் இங்கானாலும் மானியம் சாகுபடி செய்பவரைச் சேர வேண்டும். காப்பீட்டு மானியத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். 1986–88 விலையை அளவுகோலாக வைத்து நம் கொள்முதல் விலையை எடைபோடும் உலக வர்த்தக அமைப்பின் விதியை மாற்றும்வரை, கோதுமை மீதான 40 சதவீத இறக்குமதி வரியை எந்த வர்த்தகப் பேச்சிலும் மத்திய அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது. குத்தகைதாரர்களைப் பதிவேட்டில் ஏற்றி பி.எம். கிசானில் சேர்க்க மத்திய, மாநில அரசுகள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.